எங்க சாவு யார் கணக்குல?

நாலு வரிச் செய்தி அது. போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன ஜீப் கவிழ்ந்தது. இரண்டு பெண்கள் பலி, ஒன்பது பேர் காயம். அந்த ஒன்பதில் ஒருத்தி எங்க அக்கா.

சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துட்டு அவளும் போய்ச் சேர்ந்தா. அந்த 'இரண்டு' கடைசி வரைக்கும் மூணாகலை. இன்னைக்கும் ஊருக்குள்ள பேச்சு வந்தா, "அந்த ஜீப்பா? ரெண்டு பேர் செத்தாங்கல்ல?"னுதான் கேக்குறாங்க. பேப்பர் கணக்குப்படி எங்க அக்கா இன்னும் காயத்தோட கிடக்குறா. அவ பெத்த பிள்ளைங்களுக்குத்தான் அவ இல்லை.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப எதுக்கு எழுதுறேன்னா, ராத்திரியானா டிவியில் நடக்குற கூத்தை இனிமே உக்காந்து பார்க்க முடியலை. தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்டீங்களேன்னு ஒருத்தர் கேக்குறார். கள்ளக்குறிச்சியில் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அது யார் ஆட்சின்னு இன்னொருத்தர் திருப்பிக் கேக்குறார். இடையில் புகுந்து கரூர் நெரிசல்ல 41ங்கிறார் மூணாமவர். சீட்டாட்டத்துல பெரிய சீட்டை இறக்குற மாதிரி இறக்குறாங்க. இறக்கினவர் மூஞ்சியில் ஒரு திருப்தி தெரியுது பாருங்க, அதைப் பார்த்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. செத்தது யாரோ வீட்டுப் பிள்ளைங்கய்யா. நீங்க ஜெயிச்சிட்டீங்களா?

"பிணத்தை வச்சு அரசியல் பண்ணாதீங்க"ன்னு நான் சொல்ல வரலைங்க. அதைச் சொல்றவங்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல்தான். ஒரு சாவு நடந்தா அதை வச்சு அரசியல் பண்ணத்தான் வேணும். ரோடு போடுறது யாரு, வண்டிக்கு பர்மிட் கொடுக்குறது யாரு, ஆஸ்பத்திரி கட்டுறது யாரு? அதெல்லாம் அரசியல்தானே? எண்ணிக்கை சொல்லாம எப்படி நியாயம் கேக்குறது? ஆனா எண்ணிக்கையைச் சொல்றவங்க எண்ணிட்டுச் சொல்லணும். குண்டடி பட்டுச் செத்ததும், நெரிசல்ல மூச்சு முட்டிச் செத்ததும், விஷச் சாராயம் குடிச்சுச் செத்ததும் ஒரே தராசுல போடுற சரக்கா? யார் கையால நடந்தது, யாருக்கு முன்னாடியே தெரியும், யார் நினைச்சிருந்தா தடுத்திருக்கலாம்? இதையெல்லாம் கேக்காம 41 பெருசா 13 பெருசான்னு கேட்டா என்னத்துக்கு ஆகும்? துப்பாக்கி நீட்டினவன் 13 பேரோட நிறுத்திட்டான், அதனால பாவம் குறைச்சல்னு சொல்வீங்களா?

அதுக்கும் முன்னாடி ஒண்ணு கேக்குறேன். ஒண்ணு, ரெண்டா சாகுறவங்களை யார் எண்ணுறது?

எங்க பிழைப்பு தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். போடியில் விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் வந்து நிக்கும். பொம்பளைங்க சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கிட்டு, தூக்குவாளியோட ஏறுவாங்க. பத்துப் பேர் உக்கார்ற வண்டியில் பதினெட்டு, இருபது. உள்ளே ஒருத்தி மடியில் ஒருத்தி. பின்னாடி கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு ஆம்பளைங்க. முந்தல் தாண்டி மலையேறினா 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போடிமெட்டு, அதுக்கு அங்கிட்டு பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை. நாளெல்லாம் குனிஞ்சு, ஏலச் செடியோட தூரில் காய் பறிச்சு, சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கணும். மழைக் காலத்துல மூடுபனி இறங்குச்சுன்னா முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டுதான் ரோடு. அது தெரியலைன்னா டிரைவர் ஒரு பையனை இறக்கி முன்னாடி நடக்கவிட்டு வண்டியை ஓட்டுவார்.

அப்படிப் போன ஒரு காலையிலதான் அக்கா ஏறின ஜீப் கவிழ்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவ படுத்திருந்தப்ப முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தாங்க. விரல் மட்டும் வெளியே தெரிஞ்சுது. நகக்கண்ணுல ஏலக்காய்க் கறை. எங்க எல்லாருக்கும் உள்ளதுதான், சீசன் முடியுற வரைக்கும் போகாது. நர்ஸம்மா அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க. அழுக்கு இல்லைம்மா, வேலைன்னேன்.

அவ செத்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சது இன்னொரு சாவு. ஜீப் கவிழ்ந்த இடம் கேரளா. அங்க ஸ்டேஷன்ல எழுதின எஃப்.ஐ.ஆர். மலையாளத்துல. உயிர் போனது தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில. அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, ஒரு பையில் காகிதங்களைப் போட்டுக்கிட்டு மலைக்கும் கீழேயும் அலைஞ்சார். விபத்து அங்க நடந்தது, அங்க போய்க் கேளுங்கன்னாங்க இங்க. ஆள் உங்க ஊர், ரேஷன் கார்டு உங்க ஊர், உங்க சர்க்கார்கிட்ட கேளுங்கன்னாங்க அங்க. இன்சூரன்ஸுக்குப் போனா, அது சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச வண்டி, அந்தப் பாலிசியில் ஏறிப் போன ஆளுக்குப் பணம் கிடையாதுன்னுட்டாங்க. தோட்டத்துல போய் நின்னா, வேலையாள் பேர் பதியுற செக்ரோல்ல அவ பேரே இல்லை. எத்தனையோ வருஷம் அந்தக் காட்டுல காய் எடுத்தவ. வாரக் கூலி வாங்கினவ. கங்காணி நோட்டில் இன்னைக்கு இத்தனை ஆள்னு எண்ணிக்கை மட்டும் இருக்கு, பேர் இல்லை. பேர் இருந்தா பி.எஃப். வரும், போனஸ் வரும், செத்தா நஷ்டஈடு வரும். அதனால பேர் இல்லை.

இப்பச் சொல்லுங்க. உயிரோட வேலை பார்த்தப்ப பேர் எழுதாதவளை, செத்த பிறகு எந்த நோட்டில் தேடுறது?

கேரளா சட்டசபையில் அவளுக்காகப் பேச, அவளுக்கு அங்க ஓட்டு இல்லை. தமிழ்நாட்டுச் சட்டசபையில் பேசினா அது வெளிமாநிலத்துச் சாவு. ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல எங்களுக்கு ஒரு சுடுகாடு இருக்கு போல. அது எந்த வரைபடத்துலயும் இல்லை.

2018 மார்ச் 11 ஞாபகம் இருக்கா? குரங்கணிக் காட்டுல தீ. மலையேற வந்த பிள்ளைங்க கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்குறப்ப மாட்டிக்கிட்டாங்க. அன்னைக்கு முதல்ல மேலே ஓடினது குரங்கணி ஊர்க்காரங்க. கிடைச்ச துணியில தொட்டில் கட்டி, வெந்த உடம்புகளைத் தோள்ல தூக்கிட்டு இருட்டுல இறங்கினாங்க. முதல்ல ஒன்பது பேர்னு சொன்னாங்க. அப்புறம் மதுரை ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தரா போகப் போக அந்த எண் ஏறிக்கிட்டே போய் 23ல நின்னுச்சு. ஒவ்வொரு தடவை ஏறினப்பவும் டிவியில் சொன்னாங்க. சொல்லணும், அதுதான் முறை. அந்தப் பிள்ளைங்களோட அம்மாக்கள் மேல எனக்கு என்ன பொறாமை? சின்ன வயசுப் பிள்ளைங்க, அவங்களை நினைச்சு நானும் அழுதவதான். ஆனா தீக்காயத்தோட பல நாள் கழிச்சு செத்தவங்களைக் கணக்குல சேர்க்கணும்னு அன்னைக்குத் தெரிஞ்ச நாட்டுக்கு, எலும்பு முறிஞ்சு சில வாரம் கழிச்சு செத்த எங்க அக்காவைச் சேர்க்கணும்னு ஏன் தெரியலை?

அந்த 23 பேருக்கும் என்ன ஆச்சு? அனுமதி வாங்கினாங்களா இல்லையான்னு ஒரு வாரம் பேசினாங்க. விசாரணை வச்சாங்க. அப்புறம் மேடையில் யார் ஆட்சியில் எத்தனைன்னு பட்டியல் போடுறப்ப அதுல 23ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். காட்டுத்தீ மாசி, பங்குனியில் இன்னமும் எரியுது. கீழே போடியில் நின்னா ராத்திரியில் மலை மேல சரடு மாதிரி தெரியும்.

பெட்டிமுடிக்கு வர்றேன். அதைச் சொல்லாம என்னால எதையும் முடிக்க முடியாது.

2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. மூணாறுக்கு மேல ராஜமலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயங்கள், அதான் வேலையாளுங்க குடியிருக்குற வரிசை வீடுகள். மலை சரிஞ்சு மேல விழுந்தது. போன் வேலை செய்யலை. வெளியே தெரிஞ்சதே மறுநாள் காலையில்தான். 70 பேர். அதுல நாலு பேரோட உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கலை. செத்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் தமிழ் பேசுறவங்க. கயத்தாறு பக்கமிருந்து தாத்தா, பூட்டன் காலத்துல கொழுந்து கிள்ள மலையேறின குடும்பங்கள் அதுல நிறைய. பெரிய குழியில் வரிசையா வச்சு மண்ணைத் தள்ளினாங்க.

மறுநாள் சாயங்காலம் கோழிக்கோட்டுல விமானம் விழுந்தது. துபாயிலிருந்து வந்தது. 21 பேர் செத்தாங்க. கேரள அரசு அந்தக் குடும்பங்களுக்கு 10 லட்சம்னு அறிவிச்சது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானம் விழுந்த இடத்துக்கு மறுநாளே முதலமைச்சர் போனார். பெட்டிமுடிக்கு 13ஆம் தேதி போனார்.

நியாயமாப் பேசணும்னா அவங்க சொன்ன பதிலையும் சொல்லணும். வானிலை மோசம், உடனே போக முடியலைன்னாங்க. அறிவிச்சது முதல் கட்டத் தொகைதான், மேலே செய்வோம்னாங்க. சரி. மலையில் மழைன்னா என்னன்னு எனக்குத் தெரியும், அதை நான் பொய்யின்னு சொல்லலை. விமானத்துல செத்தவங்களுக்கு ஏன் பத்துன்னும் கேக்க மாட்டேன். கொரோனாவுல வளைகுடாவுல வேலை போய், ஊர் மண்ணை மிதிக்க ஏங்கி வந்தவங்க அவங்க. அவங்களும் கூலிக்குக் கடல் தாண்டினவங்கதானே? நான் கேக்குறது அஞ்சை மட்டும்தான். ஒரே வாரம், ஒரே மாநிலம், ஒரே அரசு. 70 பெருசா 21 பெருசான்னு பார்த்திருந்தாக்கூட பெட்டிமுடிக்குத்தான் முதல்ல ஓடியிருக்கணும். அப்ப எண்ணிக்கை எங்கய்யா போச்சு? மேடையில் எண்ணிக்கை வேணும், செக் எழுதுறப்ப எண்ணிக்கை வேண்டாமா? லயத்துல தூங்குறப்ப செத்தா பாதி விலையா?

2015ல மூணாறுல தோட்டத்துப் பொம்பளைங்க நடத்தின பெம்பிளை ஒருமைப் போராட்டத்துல முன்னாடி நின்ன கோமதி அக்கா, முதலமைச்சர் வந்த அன்னைக்கு இடமும் வீடும் கேட்டு வண்டியை மறிக்கப் போனாங்க. போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு. கேள்வி கேட்ட ஒரு பொம்பளையை நிமிஷத்துல அப்புறப்படுத்த முடிஞ்சுது.

கேரளாவை மட்டும் குத்தம் சொன்னா நான் நியாயமானவளா இருக்க மாட்டேன். நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? கள்ளச்சாராயத்துல செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெந்து செத்தவங்களுக்கு அதுல பாதிகூட இல்லை. ஒரே நாள்ல 60 போனா ஆட்சி ஆடும். மாசத்துக்கு நாலு, அஞ்சுன்னு போனா ஆடாது. அதுதான் கணக்கு. மொத்தமா சாகத் தெரியாதது ஏழையோட குத்தமா?

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. சாகாதவங்களை எண்ணினாங்க ஒரு தடவை.

2011 கடைசி. இடுக்கியில் லேசான நில அதிர்ச்சி. முல்லைப் பெரியாறு அணை உடைஞ்சா அஞ்சு மாவட்டத்துல 35 லட்சம் பேர் சாவாங்கன்னு அங்க மேடைக்கு மேடை பேச்சு. இந்தப் பக்கம், தண்ணி நின்னா தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் அஞ்சும் சுடுகாடாகும்னு பேச்சு. அங்கிட்டு அஞ்சு, இங்கிட்டு அஞ்சு. நடுவுல காட்டுக்குள்ள நாங்க. அக்காவும் நானும் அப்ப மேலே ஒரு தோட்டத்துல தங்கி வேலை பார்த்தோம். ராத்திரி ஆளுங்க கம்போட வந்து லயத்துக் கதவைத் தட்டினாங்க. தமிழன் எல்லாம் இறங்குன்னாங்க. பக்கத்து வீட்டுச் சேச்சிதான் எங்களைப் பின்பக்கமா கூட்டிட்டுப் போய் டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டா. ரோட்டுல போகாதீங்க, காட்டுப் பாதையில் இறங்குங்கன்னா. அவ கூடப்பிறந்தவ வண்டிப்பெரியாறுல ஆத்தோரம் இருந்தா. அந்தச் சேச்சிக்கு அணைப் பயம் நிஜம். மழை பேஞ்சா அவ தூங்க மாட்டா, நான் பார்த்திருக்கேன். ஆனா அவ டார்ச் கொடுத்தா. மேடையில் 35 லட்சம்னு கத்தினவங்க கம்பு கொடுத்தாங்க.

குடும்பம் குடும்பமா, கைப்பிள்ளையோட, சட்டி பானையைப் போட்டுட்டு அந்த மலைகளில் இறங்கினோம். இங்க வந்து பார்த்தா, இந்தப் பக்கம் மலையாளத்துக்காரங்க கடைகளை அடிச்சு நொறுக்கிட்டு இருக்காங்க. எந்தக் கடைக்காரன் எங்களை அடிச்சான்? 2014 மே 7ல உச்ச நீதிமன்றம், அணை பாதுகாப்பாத்தான் இருக்கு, 142 அடி தேக்கலாம்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. சொல்லி என்ன? இன்னைக்கும் மழை வலுத்தா அந்த 35 லட்சம் திரும்பி வருது. சாகாத 35 லட்சம் பேரைக் காப்பாத்த ரெண்டு பக்கமும் கிளம்பினவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், தினமும் போடிமெட்டு ரோட்டுல ஏறி இறங்குற ஜீப்பை எட்டிப் பார்த்திருக்காங்களா?

ஜீப் மட்டும் இல்லைங்க. சின்னக்கானல், பூப்பாறைப் பக்கம் யானை மிதிச்சுச் செத்தவங்க உண்டு. தோட்டத்துல மருந்தடிச்சு மயங்கி விழுந்து, எழுந்திருக்காதவங்க உண்டு. மரக்கிளை முறிஞ்சு விழுந்து, இடி விழுந்துன்னு உண்டு. எல்லாம் ஒண்ணு, ஒண்ணு. 2023ல அரிக்கொம்பன்ங்கிற யானையைப் பிடிச்சாங்களே, கழுத்துல ரேடியோ காலர் மாட்டி, இன்னைக்கு எங்க நிக்குது, எத்தனை கிலோமீட்டர் நடந்ததுன்னு நாடே பார்த்தது. யானை மேல எனக்குக் கோபம் இல்லைங்க, அது பாவம், அதோட காடு. ஆனா யானையோட பேர் எல்லாருக்கும் தெரியும். மிதிபட்டவங்கள்ல ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா?

வருஷத்துக்கு எத்தனைன்னு கூட்டுங்கன்னுதான் கேக்குறேன். ரெண்டு மாநிலமும் சேர்ந்து கூட்டுங்க. தேனி மாவட்டத்துல இத்தனை, இடுக்கியில் இத்தனைன்னு பிரிச்சா எங்க பேர் ரெண்டுலயும் விழாது. ஸ்பாட்ல செத்தவங்க மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியில் செத்தவங்களையும் சேருங்க. எத்தனை பேர் தினமும் மேலே போறாங்க, அதுல எத்தனை பேர் திரும்பலைன்னு சேர்த்துப் பாருங்க. அப்புறம் அந்த மொத்தத்தைக் கொண்டுபோய் உங்க 41 பக்கத்துலயும் 23 பக்கத்துலயும் வச்சுப் பேசுங்க. சின்னதா வந்தா சின்னதுன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். எண்ணாமலே சின்னதுன்னு சொல்லாதீங்க.

எண்ண முடியாதா? ஏன் முடியாது? எங்க ஊர்ல ஏலக்காய் ஏலம் நடக்குது. ஒவ்வொரு ஏலத்துக்கும் எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ வித்தது, சராசரி என்ன, அதிக விலை என்னன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லார் போனுலயும் வந்துரும். 2019 ஆகஸ்ட்ல ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காயை எண்ணத் தெரியுது.

ஆளையும் எண்ணத் தெரியும் அவங்களுக்கு. கொரோனா வந்தப்ப எண்ணினாங்களே! போடிமெட்டு செக்போஸ்ட்டில் ஒவ்வொரு ஜீப்பையும் நிறுத்தி, ஒவ்வொருத்தரையா இறக்கி, இ-பாஸ் எங்க, பேர் என்ன, எந்தத் தோட்டம், எந்த ஊர், போன் நம்பர் என்னன்னு கேட்டு எழுதினாங்க. அடுத்த வருஷம் டெஸ்ட் சர்ட்டிபிகேட் இல்லைன்னா தாண்ட விடலை. மழையில் வரிசையில் நின்னோம். எங்ககிட்டருந்து அவங்களுக்கு நோய் வந்துருமோன்னு பயம் வந்தப்ப ஒரு ஆள் விடாம எழுத நோட்டும் இருந்தது, எழுத ஆளும் இருந்தது, ரெண்டு சர்க்காருக்கும் பேச்சுவார்த்தையும் இருந்தது. அந்த நோட்டு இப்ப எங்க? நாளைக்குக் காலையில் அந்த 17 வளைவு ஏறப் போற பொம்பளைங்க பேரை யாராவது எழுதப் போறீங்களா, இல்லை அதுல ஒரு வண்டி கவிழ்ந்த பிறகு எத்தனைன்னு கேட்டுட்டு, பத்துக்குக் கீழேன்னா அடுத்த செய்திக்குப் போகப் போறீங்களா?